கஞ்சாவுக்கும் குவாட்டருக்கும் ஒரே சட்டமா?

போன மாதம் ஒரு கல்யாணப் பந்தியில் என் நண்பரின் மகன் பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்தான். வேளச்சேரியில் வீடு, ஓ.எம்.ஆரில் வேலை. ரசம் வருவதற்குள் கேட்டுவிட்டான்: “அங்கிள், டாஸ்மாக்கை கவர்ன்மென்ட்டே நடத்துது. குடிச்சவன் லிவர் போய் சாவுறான், வீட்ல அடிக்கிறான், வண்டியைக் கொண்டுபோய் எவன் மேலயாவது ஏத்துறான். கஞ்சா அடிச்சவன் மூலையில உட்கார்ந்து சிரிச்சிட்டிருக்கான். அவனைப் போய் ஏன் உள்ள தள்றாங்க? சரக்கு மாதிரியே இதுக்கும் லைசென்ஸ், வரி, வயசுன்னு சட்டம் போட்டா என்ன?”

எதிர் இலையில் அவன் அப்பா இருந்தார். ஏதோ மழுப்பிவைத்தேன். ஆனால் கேள்வி நியாயமானது, பலரும் கேட்பதுதான். சென்னைக் குற்றவியல் நீதிமன்றங்களில் இருபத்தைந்து வருடமாகக் கறுப்புக் கோட்டு மாட்டிக்கொண்டு அலைகிறவன் என்ற முறையில் இங்கே விரிவாகவே சொல்கிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கஞ்சா அடிப்பவனைக் குடிப்பவனை நடத்துவதுபோலச் சட்டம் நடத்தலாம், நடத்தத்தான் வேண்டும். ஆனால் கஞ்சாவை மதுவை நடத்துவதுபோல நடத்தினால் கெட்டோம். முன்னது ஆளைப் பற்றியது, பின்னது சரக்கைப் பற்றியது. இரண்டையும் ஒரே சட்டியில் போட்டுக் கிண்டுவதால்தான் இந்தப் பேச்சு எப்போதும் அடிபிடித்துப் போகிறது.

‘கஞ்சாவையும் மதுவையும் ஒரே மாதிரி நடத்துங்கள்’ என்பது ஏதோ புதுமைக் கோரிக்கைபோல இன்று பேசப்படுகிறது. இந்த ஊரில் ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது. வெள்ளைக்காரன் காலத்து ஆப்காரி (கலால் வரி) முறையில் சாராயம், கள், கஞ்சா, அபின் எல்லாம் ஒரே இலாகாவின் கீழ் வரி கட்டிய சரக்குகள். 1886ஆம் வருட மெட்ராஸ் ஆப்காரி சட்டம் அதற்கென்றே வந்தது. அப்புறம் 1937இல் ராஜாஜி மதுவிலக்குச் சட்டம் கொண்டுவந்தார். அக்டோபர் 1 அன்று சேலம் மாவட்டத்தில் தொடங்கியது. சட்டத்தின் முகப்பிலேயே மது, போதைப் பொருள் இரண்டின் பெயரும் சேர்ந்துதான் இருக்கும். அதாவது ராஜாஜியும் இரண்டையும் ஒரே மாதிரிதான் நடத்தினார். இரண்டையும் மூடினார்.

அரசியல் சாசனமும் அதே பழக்கத்தைத் தொடர்ந்தது. 47ஆவது பிரிவு போதை தரும் பானங்கள், உடலுக்குக் கேடான போதைப் பொருள்கள் என்று இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லி, இரண்டையும் ஒழிக்க அரசு முயலவேண்டும் என்கிறது. இன்னொரு வேடிக்கை உண்டு. ஏழாவது அட்டவணையில் மாநிலப் பட்டியலின் 51ஆவது இனத்தைப் பாருங்கள். மாநில அரசு எதற்கெல்லாம் கலால் வரி போடலாம் என்ற பட்டியலில் மதுவுக்கு அடுத்தபடியாக ‘அபின், இந்திய சணல்’ என்று அச்சடித்திருக்கிறது. இந்திய சணல் என்றால் நம்ம கஞ்சாதான். வரி போட அதிகாரம் இன்றைக்கும் காகிதத்தில் இருக்கிறது. வரி போடுவதற்குச் சரக்குதான் கிடையாது.

பாதை எங்கே பிரிந்தது? மது ஒரு பக்கம் போனது. 1971இல் கலைஞர் மதுவிலக்கைத் தளர்த்தினார், மூன்று வருடத்துக்குள் திரும்பவும் மூடினார். 1981இல் எம்.ஜி.ஆர். திறந்தார். 1983இல் மொத்த வியாபாரத்துக்கு டாஸ்மாக் வந்தது. 2003 நவம்பரில் ஜெயலலிதா சில்லறைக் கடைகளையும் அதன் கையிலேயே கொடுத்தார். சட்டத்தின் பெயர் இன்னும் ‘தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம், 1937’தான். மதுவிலக்குச் சட்டத்தின் கீழ் விதி எழுதி மதுக்கடை நடத்தும் சாமர்த்தியம் நமக்குக் கைவந்த கலை.

கஞ்சா இன்னொரு பக்கம் போனது. 1961இல் ஐ.நா. சபையில் போதைப் பொருள்களுக்கான ஒற்றை ஒப்பந்தம் கையெழுத்தானது. வெளிநாட்டு ஒப்பந்தமாயிற்றே என்று இந்தியா அப்படியே தலையாட்டிவிடவில்லை. இங்கே காசியில் ஹோலிக்குக் கஞ்சா இலையை அரைத்த பாங் குடிக்கிறார்கள், சாமியார்கள் சிலும்பி இழுக்கிறார்கள் என்பதெல்லாம் கணக்கில் வந்தது. பேரம் பேசி, இலையை மட்டும் ஒப்பந்தத்திலிருந்து வெளியே எடுத்துக்கொண்டது. மருத்துவத்துக்கு அல்லாத பயன்பாட்டை நிறுத்த 25 வருட அவகாசமும் கிடைத்தது. அந்த அவகாசம் முடிவதற்கு முன்பே, 1985 ஆகஸ்டில், என்.டி.பி.எஸ். என்கிற போதைப் பொருள் தடுப்பு மசோதா நாடாளுமன்றத்துக்கு வந்தது. செப்டம்பர் 16இல் குடியரசுத் தலைவர் ஒப்புதல், நவம்பர் 14இல் அமல். குழந்தைகள் தினத்தன்று.

இவ்வளவு பெரிய சட்டத்துக்கு இவ்வளவு குறைந்த விவாதம் ஏன் என்று கேட்டால், போதைப் பொருளுக்கு ஆதரவாக யார் எழுந்து பேசப் போகிறார்கள் என்பதுதான் பதில். ஆனால் இந்த விஷயத்தை ஒரு காலத்தில் பொறுமையாக உட்கார்ந்து ஆராய்ந்தவர்கள் உண்டு. 1893இல் நியமிக்கப்பட்ட இந்திய சணல் போதைப் பொருள் ஆணையம் 1,193 சாட்சிகளை விசாரித்தது. டாக்டர், கலெக்டர், பண்டாரம், பயிரிட்டவன் என்று யாரையும் விடவில்லை. அளவோடு உபயோகிப்பதால் பெரிய கெடுதல் இல்லை, மிதமிஞ்சினால் கெடுதல், தடை போடவேண்டாம், வரி போட்டுக் கட்டுக்குள் வையுங்கள் என்று முடிவு சொன்னது. அதைக் கஞ்சா ஆதரவாளர்கள் வேதம்போல எடுத்துப் போடுவார்கள். நானும் மதிக்கிறேன். ஆனால் வரியில் பங்கு வைத்திருந்த ஓர் அரசாங்கம் நியமித்த ஆணையம் அது என்பதையும் சேர்த்தே படிக்கவேண்டும்.

சரி, இன்றைய சட்டத்துக்கு வருவோம். என்.டி.பி.எஸ். சட்டப்படி கஞ்சா என்றால் பூவோ காயோ விட்ட நுனிப்பகுதி. நுனி இல்லாத வெறும் இலையும் விதையும் கஞ்சா ஆகாது. அதனால்தான் வடக்கே சில மாநிலங்களில் பாங் கடைக்கு அரசு லைசென்ஸ் கொடுக்க முடிகிறது. ஒரே செடி. மேலே இருப்பது ஜெயில், கீழே இருப்பது பிரசாதம்.

அளவு இன்னும் முக்கியம். 1 கிலோவுக்குக் குறைவு என்றால் சிறிய அளவு: ஒரு வருடம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 1 கிலோவைத் தாண்டிவிட்டால் 10 வருடம் வரை. 20 கிலோவுக்கு மேல் வணிக அளவு: குறைந்தது 10, அதிகபட்சம் 20 வருடம். வணிக அளவில் பிணை கிடைப்பது குதிரைக் கொம்பு. குற்றவாளி அல்ல என்று நம்பக் காரணம் இருக்கிறது என்பதை நீதிபதியே பதிவு செய்தால்தான் வெளியே விடமுடியும். விசாரணை முடியாமலே அந்த அளவுக்கு எந்த நீதிபதி எழுதுவார்?

இப்போது 999 கிராமுக்கும் 1,001 கிராமுக்கும் நடுவில் இருக்கும் அந்த இரண்டு கிராமைப் பாருங்கள். ஒரு வருடத்துக்கும் பத்து வருடத்துக்கும் உள்ள தூரம் அது. எடை போடும் தராசு யார் கையில் இருக்கிறது?

ஒரு வழக்கைச் சொல்கிறேன். ஊர், பெயர் அடையாளமெல்லாம் மாற்றிவிட்டேன். வடசென்னைப் பையன், இருபது வயது, ஃபிரிட்ஜ் மெக்கானிக்கிடம் எடுபிடி. எஃப்.ஐ.ஆர். வழக்கமான பாட்டுதான்: ‘ரோந்துப் பணியில் இருந்தபோது கிடைத்த ரகசியத் தகவலின்பேரில் சென்று பார்க்க, சந்தேகப்படும்படி கையில் பையுடன் நின்றிருந்த மேற்படி நபர் காவலரைக் கண்டதும் தப்பி ஓட முயல, முன்னுக்குப் பின் முரணாகப் பதில் சொல்ல...’ எடை 1 கிலோ 100 கிராம். தராசு பக்கத்துக் காய்கறிக் கடையில் வாங்கியது என்று மகசரில், அதாவது பறிமுதல் குறிப்பில், இருந்தது. காய்கறிக்காரரின் பெயர் இல்லை, இரவு பதினொன்றரைக்கு எந்தக் காய்கறிக் கடை திறந்திருந்தது என்றும் இல்லை. பையனின் அம்மா கோர்ட்டு வாசலில் என்னிடம் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வைத்துக் காட்டினார்: “இவ்ளோதான் சார், பேப்பர்ல மடிச்சு ஸ்டேப்ளர் அடிச்ச ரெண்டு பொட்டலம். பீடிக்கட்டுகூட அதைவிடப் பெருசா இருக்கும்.”

ரெண்டு பொட்டலம் எப்படி 1 கிலோ 100 ஆனது என்று என்னால் நிரூபிக்க முடியவில்லை. ஆனால் ஒன்று சொல்வேன். 1 கிலோ 100, 1 கிலோ 150, 1 கிலோ 200 என்று வரிசையாக வரும் ரிமாண்டு அறிக்கைகளை என் தலைமுறை வக்கீல்கள் எல்லோரும் பார்த்திருக்கிறோம். கஞ்சா வியாபாரிகள் எல்லோரும் ஏன் ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் மேலேயே சுமந்துகொண்டு திரிகிறார்கள் என்பது எங்கள் டீக்கடை நகைச்சுவை. பையன் 47 நாள் புழல் சிறையில் இருந்தான். நாலு வருடம் கழித்து வழக்கு நிற்காமல் போனது. அதற்குள் அவன் காவலர் தேர்வு எழுதி, ஓட்டத்தில் தேறி, பின்புல விசாரணையில் இந்த வழக்கு இருப்பதால் வெளியே வந்திருந்தான். அம்மா அடகு வைத்த வளையல் மீளவில்லை.

எங்கள் ஊரில் ‘கஞ்சா கேஸ் போட்டு உள்ளே தள்ளிடுவேன்’ என்பது ஒரு மிரட்டல் வசனமாகவே ஆகிவிட்டது. ‘சாராய கேஸ் போட்டுடுவேன்’ என்று யாரும் மிரட்டுவதில்லை, கவனித்திருக்கிறீர்களா? சட்டம் எங்கே வளைகிறது என்பது மக்களுக்கு வக்கீல்களைவிட நன்றாகத் தெரியும்.

அதே இரவில் இன்னொரு பையன் டாஸ்மாக் மூடுவதற்குள் கம்பி வலைக்குள் கையை விட்டு ஒரு குவாட்டர் வாங்கி, கூட ஒருவனைச் சேர்த்துக் கட்டிங் போட்டுவிட்டு நடுரோட்டில் கத்துகிறான் என்று வையுங்கள். புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 355ஆவது பிரிவு: குடித்துவிட்டுப் பொது இடத்தில் தொல்லை கொடுத்தால் 24 மணி நேரம் வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது சமூக சேவை. பழைய தண்டனைச் சட்டத்தில் அபராதம் பத்து ரூபாய்! பெரும்பாலும் அதுவும் கிடையாது, ரோந்து ஏட்டு இரண்டு திட்டு திட்டி வீட்டுக்கு அனுப்புவார். குடித்தது குற்றமல்ல, குடித்துவிட்டுச் செய்ததுதான் குற்றம். அந்தக் கோடு மதுவுக்குத் தெளிவாக இருக்கிறது. கஞ்சாவுக்கு அந்தக் கோடே கிடையாது. சட்டையில் வைத்திருந்தாலே ஒரு வருடம், வாசல் தாழிட்டுத் தன் வீட்டில் இழுத்தாலும் 27ஆவது பிரிவின்படி ஆறு மாதம் வரை.

மதுவைப்போல நடத்தவேண்டும் என்று நான் சொல்வது இந்த ஒரு விஷயத்தில்தான். ஆளை விடுங்கள், அவன் செய்ததைப் பிடியுங்கள்.

சட்டத்தின் நியாயத்தைவிட அதன் நடைமுறை இன்னும் பரிதாபம். 2023இல் சென்னை நீதிமன்றம் ஒன்றில் 22 கிலோ கஞ்சா வழக்கு வந்தது. வணிக அளவு, தண்டனை நிச்சயம் என்று நினைப்பீர்கள். கோர்ட்டுக்கு வந்தது கிராம் கணக்கில். மீதி எங்கே என்று கேட்டதற்கு, எலி தின்றுவிட்டது என்று பதில். இருவரும் விடுதலை. சிரிக்கலாம். ஆனால் உண்மையான வியாபாரி இப்படித் தப்புவதும், பொட்டலம் வாங்கியவன் புழலுக்குப் போவதும் ஒரே சட்டத்தின் இரண்டு கைகள். உச்ச நீதிமன்றம் 2020இல் தோஃபான் சிங் வழக்கில், இந்தச் சட்டத்தின்கீழ் அதிகாரிகளிடம் கொடுக்கும் ஒப்புதல் வாக்குமூலத்தை வைத்துத் தண்டிக்க முடியாது என்று தீர்த்தது. தமிழ்நாட்டு வழக்குதான் அது. அதுவரை எத்தனை பேர் கையெழுத்துப் போட்டுக் கம்பி எண்ணியிருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

பந்தியில் கேட்ட தம்பியின் வாதத்தில் ஒரு இடத்தில் எனக்கு உடன்பாடு இல்லை. ‘மூலையில் உட்கார்ந்து சிரிக்கிறான்’ என்பது பாதி உண்மை. கஞ்சாவால் மதுபோல ஈரல் அழுகாது, அளவு மீறி மூச்சு நின்று சாவது அரிதிலும் அரிது, நிறுத்தினால் குடிகாரனுக்கு வருவதுபோலக் கைநடுக்கம் ஏறி ஜன்னி கண்டு உயிர் போகாது. இதெல்லாம் சரி. ஆனால் எல்லோருக்கும் அது சிரிப்போடு நிற்பதில்லை. பதினாறு, பதினேழு வயதில் ஆரம்பித்துத் தினமும் இழுப்பவர்களில் சிலருக்கு மனச்சிதைவு வரும் ஆபத்து கூடுகிறது என்பதை மனநல மருத்துவர்கள் உறுதியாகவே சொல்கிறார்கள். குடும்பத்தில் அந்த நோய் இருந்தால் இன்னும் அதிகம். என் கட்சிக்காரர் ஒருவரின் தம்பியைக் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையில் போய்ப் பார்த்திருக்கிறேன். பத்தொன்பது வயது. மின்விசிறி தன்னைப் பற்றிப் பேசுவதாகச் சொல்லிக்கொண்டிருந்தான். கஞ்சாதான் காரணம் என்று அறுதியிட்டுச் சொல்ல நான் டாக்டர் இல்லை. அவன் அண்ணன் அப்படித்தான் நம்புகிறார், இன்றுவரை தன்னையே திட்டிக்கொள்கிறார், முதல் பொட்டலம் அவருடையதாம்.

எண்ணிக்கையும் பார்த்துவிடுவோம். மத்திய சமூகநீதி அமைச்சகத்துக்காக எய்ம்ஸ் நடத்திய ஆய்வு 2019இல் வெளிவந்தது. நாட்டில் குடிப்பவர்கள் சுமார் 16 கோடி, பாங் உட்படக் கஞ்சா வகை உபயோகிப்பவர்கள் சுமார் 3.1 கோடி. சிகிச்சையோ உதவியோ தேவைப்படும் நிலையில் இருப்பவர்கள் மதுவில் 5.7 கோடி, கஞ்சாவில் 72 லட்சம். அதாவது குடிப்பவர்களில் மூன்றில் ஒருவருக்கும் மேல், கஞ்சாவில் நாலில் ஒருவருக்கு நெருக்கமாக. மது மோசம்தான், சந்தேகமில்லை. ஆனால் கஞ்சா துளசி இல்லை.

இப்போது கேள்வியின் மறுபாதி. லைசென்ஸ், வரி, வயது வரம்பு, கடை. மதுவுக்கு இருக்கும் ஏற்பாட்டைக் கஞ்சாவுக்கும் கொண்டுவரலாமா?

இங்கேதான் நான் பின்வாங்குகிறேன். காரணம் கஞ்சா இல்லை. காரணம் டாஸ்மாக்.

‘மதுவைப்போல’ என்று சொல்கிறவர் மதுவை நாம் நன்றாக நிர்வகிக்கிறோம் என்று முன்கூட்டியே ஒப்புக்கொண்டுவிடுகிறார். 2023–24இல் டாஸ்மாக் வழியாக அரசுக்கு வந்த வருமானம் 45,855 கோடி ரூபாய். அந்தப் பணம் வராமல் பட்ஜெட் போடமுடியாது என்ற நிலைக்கு எந்தக் கட்சி ஆட்சியும் வந்துவிட்டது. விற்பவரும் அரசு, வரி வாங்குபவரும் அரசு, ‘மது நாட்டிற்கு, வீட்டிற்கு, உயிருக்குக் கேடு’ என்று பாட்டிலில் அச்சடிப்பதும் அரசு, மறுவாழ்வு மையம் நடத்துவதும் அரசு. ஒரே ஆள் கடைக்காரன், வசூல்காரன், உபதேசி, டாக்டர். நடுநடுவே 500 கடை மூடுவோம். 2016இல் மூடினோம், 2017இல் மூடினோம், 2023இல் மூடினோம். வருமானம் குறைந்ததா? 21 வயதுக்குக் கீழே விற்கக்கூடாது என்று விதி இருக்கிறது. எந்தக் கடையிலாவது ஆதார் கேட்டுப் பார்த்திருக்கிறீர்களா? பாட்டில் விலைக்கு மேல் பத்து ரூபாய் கேட்டுத்தான் நான் பார்த்திருக்கிறேன்.

கடை திறந்தால் கள்ளச்சந்தை ஒழிந்துவிடும் என்பது அடுத்த வாதம். கள்ளக்குறிச்சி கருணாபுரத்தை மறந்துவிட்டோமா? 2024 ஜூன் மாதம் மெத்தனால் கலந்த பாக்கெட் சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். ஊருக்கு ஊர் அரசுக் கடை இருக்கும்போதே. ஏன்? டாஸ்மாக்கில் குறைந்த விலை குவாட்டரே அந்த வருடம் 140 ரூபாய் ஆகியிருந்தது. மூட்டை தூக்கி முந்நூறு, நானூறு சம்பாதிக்கிறவனுக்குப் பாக்கெட் கட்டுப்படியானது. கஞ்சாவுக்கு வரி போட்டுக் கடை திறந்தாலும் இதே கணக்குதான் நடக்கும். விசாகப்பட்டினத்து மலைப்பகுதியிலிருந்தும் ஒடிசாவின் மல்கான்கிரி, கோராபுட் பக்கமிருந்தும் ரயிலேறிச் சென்ட்ரலில் இறங்கும் சரக்குக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. கடைச் சரக்கைவிட அது எப்போதும் மலிவாகவே இருக்கும்.

அப்புறம் ஒரு நடைமுறைச் சிக்கல், யாரும் பேசுவதில்லை. மதுவுக்கு ஓர் அளவுகோல் இருக்கிறது. குவாட்டர் என்றால் 180 மில்லி, அதில் ஆல்கஹால் 42.8 சதவீதம் என்று லேபிளிலேயே இருக்கும். இரண்டு பெக் போட்டவன் எவ்வளவு உள்ளே தள்ளினான் என்று கணக்கிடலாம். ராத்திரி பதினொரு மணிக்கு டிராஃபிக் போலீஸ் “ஊதுங்க சார்” என்று குழாயை நீட்டினால், 100 மில்லி ரத்தத்துக்கு 30 மில்லிகிராம் தாண்டினால் மோட்டார் வாகனச் சட்டம் 185ஆவது பிரிவு, 10,000 ரூபாய். பொட்டலத்தில் இப்படி எதுவும் எழுதியிருக்காது. பூவில் போதைச் சத்து எவ்வளவு என்று விற்றவனுக்கும் தெரியாது, வாங்கியவனுக்கும் தெரியாது. ஊதிக் கண்டுபிடிக்கும் கருவி நம் சாலையில் இல்லை. சிறுநீரில் பார்த்தாலோ, தொடர்ந்து இழுப்பவனுக்கு வாரக்கணக்கில் தடயம் காட்டும். போன ஞாயிற்றுக்கிழமை இழுத்தவன் வியாழக்கிழமை தெளிவாக வண்டி ஓட்டினாலும் மாட்டுவான், இப்போதுதான் இழுத்துவிட்டு ஓட்டுகிறவனுக்கும் அவனுக்கும் அந்தச் சோதனையில் வித்தியாசம் தெரியாது. கடை திறப்பதற்கு முன்னால் இதற்கு வழி கண்டுபிடிக்கவேண்டும்.

வெளிநாட்டைப் பாருங்கள் என்பார்கள். பார்க்கலாம். கனடா 2018 அக்டோபர் 17இல் திறந்தது. கியூபெக் மாகாணத்தில் அரசு நிறுவனமே கடை நடத்துகிறது, நம்மைப்போலவே வயது 21. ஆனால் அங்கே சரக்கைச் சோதித்து, போதைச் சத்தின் அளவை அச்சடித்து, குழந்தை திறக்க முடியாத டப்பாவில் வைத்து விற்கிறார்கள். விளம்பரத்துக்குக் கடிவாளம். அந்த ஒழுங்கு இங்கே வரும் என்று நம்புகிறவரை நான் தடுக்கமாட்டேன், எனக்கு நம்பிக்கை இல்லை. தாய்லாந்து 2022 ஜூனில் கஞ்சாவைப் போதைப் பட்டியலிலிருந்து எடுத்தது. சட்டம் ஒழுங்காக எழுதுவதற்குள் பாங்காக் முழுக்கக் கடை முளைத்தது. 2025 ஜூனில் மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்று திரும்ப இழுத்துக்கொண்டார்கள். நம் பழக்கவழக்கத்துக்கு எது நெருக்கம் என்று கேட்டால், வருத்தத்தோடு தாய்லாந்து என்பேன்.

எனக்குப் பிடித்தது ஜெர்மனிக்காரர்கள் செய்தது. 2024 ஏப்ரல் 1 முதல் பெரியவர்கள் வெளியில் 25 கிராம் வரை வைத்திருக்கலாம், வீட்டில் மூன்று செடி வளர்க்கலாம், அதே ஜூலையிலிருந்து சங்கம் அமைத்துப் பயிரிட்டு உறுப்பினர்களுக்குள் பகிர்ந்துகொள்ளலாம். கடை கிடையாது. ஆளுக்கு விடுதலை, சரக்குக்குச் சந்தை இல்லை. முழுக்க நமக்குப் பொருந்தாது. மூன்று செடி என்றால் நம் மொட்டைமாடித் தோட்டக்காரர்கள் அதையும் முப்பதாக்கிவிடுவார்கள். ஆனால் திசை சரி.

இங்கே என்ன செய்யலாம்? தமிழ்நாடு தனியாக என்.டி.பி.எஸ். சட்டத்தைத் தூக்க முடியாது, அது மத்தியச் சட்டம். நாடாளுமன்றம்தான் கைவைக்கவேண்டும். என்னைக் கேட்டால், சொந்த உபயோகத்துக்கான சில்லறை அளவுக்குச் சிறையை எடுத்துவிடுவேன். ஒரு கிலோ என்ற எல்லை அதற்கு ஒத்துவராது. சொந்த உபயோகம் என்பது கிராமில் இருக்கவேண்டும், அதற்குமேல் வைத்திருப்பவன் விற்பவன்தான். பிடிபட்டவனுக்கு ஸ்பாட் ஃபைன், குற்றப் பதிவு இல்லை, வேலைக்கான விசாரணையில் அது வரக்கூடாது. 21 வயதுக்குக் கீழே என்றால் அபராதமும் வேண்டாம், ஒரு மனநல ஆலோசகரிடம் அனுப்புங்கள். எடை போடுவதை வீடியோ எடுக்கவேண்டும், காய்கறிக் கடைத் தராசு கூடாது. பள்ளி வாசலில் விற்பவனுக்கு இப்போதிருக்கும் தண்டனை அப்படியே இருக்கட்டும், என் தொழிலுக்கு அது நஷ்டமில்லை.

இதில் ஓட்டை இருக்கிறது, மறைக்கவில்லை. இழுப்பவனைப் பிடிக்கமாட்டோம், விற்பவனைப் பிடிப்போம் என்றால் இழுப்பவன் எங்கே போய் வாங்குவான்? நெதர்லாந்தில் ரொம்ப நாளாக இந்தக் கூத்துதான்: காபி ஷாப்பின் முன்வாசலில் விற்பதைப் போலீஸ் கண்டுகொள்ளாது, பின்வாசலில் சரக்கு வந்து இறங்குவது பெரும்பாலான ஊர்களில் குற்றம். முரண்பாடுதான். ஆனால் அந்த ஓட்டையோடு நான் வாழ்ந்துவிடுவேன். வருடா வருடம் பட்ஜெட்டில் ‘கஞ்சா வருவாய்’ என்று ஒரு வரி ஏறி, அது குறைந்தால் நிதித்துறைக்கு வயிற்றைக் கலக்கும் என்ற நிலையோடு வாழ எனக்குப் பயமாக இருக்கிறது. ஒரு டாஸ்மாக்கை மூட முடியாமல் தவிக்கும்போது இரண்டாவதுக்கு யாராவது பூஜை போடுவார்களா?

இன்னொன்று. சமீப வருடங்களில் எங்கள் கோர்ட்டுகளுக்கு வரும் பையன்களிடம் பொட்டலத்தோடு வலிநிவாரண மாத்திரையும் அகப்படுகிறது. கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்கிறார்கள். ஊசி ஒன்று, பையன் நாலு. போலீஸின் ஆபரேஷன் கஞ்சா வேட்டை 1.0, 2.0 என்று நம்பர் ஏற ஏறப் பொட்டலத்தின் விலை ஏறியது, மாத்திரை அட்டை மலிவாகவே இருந்தது என்று அவர்களே சொல்கிறார்கள். கஞ்சாவை விரட்டி அதைவிடக் கொடியதை வீட்டுக்குள் விட்டுக்கொண்டோமா என்ற சந்தேகம் எனக்கு உண்டு.

கடைசியாகத் தம்பிக்கு மட்டும். சட்டம் மாறவேண்டும் என்று நீ நினைப்பதாலோ நான் நினைப்பதாலோ அது இன்றைக்கு மாறிவிடவில்லை. உடம்பைச் சோதனை போட வந்தால், கெசட்டட் அதிகாரி அல்லது மாஜிஸ்திரேட் முன்னிலையில்தான் செய்யவேண்டும் என்று கேட்க 50ஆவது பிரிவு உனக்கு உரிமை கொடுக்கிறது. கையிலிருக்கும் பையைச் சோதிப்பதற்கு அந்த உரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது, அதனால் ‘பையில்தானே இருக்கு’ என்று ஆறுதல் அடையாதே. எழுதாத காகிதத்தில் கையெழுத்துப் போடாதே. எடை எவ்வளவு என்று மகசரில் எழுதியதைப் படித்துப் பார். பழக்கம் விடமுடியாத அளவுக்குப் போய்விட்டது என்றால், தானாக முன்வந்து சிகிச்சை எடுத்துக்கொள்கிறவருக்கு, உபயோகித்தது அல்லது சிறிய அளவு வைத்திருந்தது என்ற வழக்கிலிருந்து 64ஏ பிரிவில் விலக்கு உண்டு. பாதி வக்கீல்களுக்கே அது நினைவில் இருப்பதில்லை. இதையெல்லாம் அன்றே பந்தியில் சொல்லியிருப்பேன். நீ கேட்ட வேகத்தைப் பார்த்து உன் அப்பா சாப்பிடுவதை நிறுத்திவிட்டு உன்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.